டர்பைனுக்குக் கையெழுத்துப் போடாத மகனுக்கு

கோபக்கார மகனுக்கு, உன்னைவிடப் பெரிய கோபக்காரனான உன் அப்பன் எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம். கடிதம் என்றால் எல்லோரும் முதல் வரியில் எழுதிவிட்டுப் போகிற நலம் இல்லை இது. உன் அம்மா உயிரோடு, முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறாள். இதை எழுதும்போதே எனக்கு மூச்சு சீராக வருகிறது. நீ பயந்துவிடாதே. பயப்படவேண்டிய நேரம் எல்லாம் போய்விட்டது. என்ன நடந்தது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அம்மாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும். சொல்லவேண்டியவன் நான். நானோ உன்னோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்படாதே. வீட்டில் நாம் பேசுவது கிரியோல்தான், ஆனால் கிரியோலில் எனக்குத் திட்டத்தான் சரளமாக வரும். பிரெஞ்சில் எழுதினால் ஆலை ஆபீசுக்கு விளக்கம் எழுதுவது போல ஆகிவிடும். கோயில் வகுப்பில் உனக்கும் எனக்கும் ஒரே வாத்தியார்தான் இந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். மனசில் இருப்பதைச் சொல்ல எனக்கு இதுதான் வளைகிறது. பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே படி. அடுத்த வாரம் பிளேன் மாக்னியனில் நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன்.

நீ பிடிவாதக்காரன் என்பது எனக்குப் புதுசா என்ன? மாயெபூர் சந்தைக்கு உன்னை அழைத்துப்போன நாட்கள் எல்லாம் ஞாபகம் வருகின்றன. மீன்காரி கூடையை இறக்கினதும் ஊரே பேரம் பேசும். நீ மட்டும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பாய். மேலே இருக்கிற மீன் நன்றாக இருந்தால் போதாது, அடியில் இருப்பதையும் புரட்டுவாய். அவள் "ஆயோ, இந்தப் பயலைக் கூட்டிட்டுப் போங்க, என் வியாபாரத்தையே கெடுத்துடுவான்" என்று கத்துவாள். நான் வெட்கப்பட்டு உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். உன் அம்மா மட்டும் அன்றைக்கு மீன் குழம்பை மெச்சிக்கொண்டே ஊற்றுவாள். அரசாங்கத்தில் மின்சாரச் சோதனை அதிகாரி வேலை உனக்குக் கிடைத்தது என்று செய்தி வந்தபோது நான் முதலில் நினைத்தது அந்த மீன்காரியைத்தான். இனி இந்தத் தீவில் எத்தனை ஆலைக்காரர்கள் அவளைப் போலக் கத்தப்போகிறார்களோ என்று சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நானே நிற்பேன் என்று யார் கண்டது.

புது டர்பைன் எங்கள் ஆலைக்கு வந்ததை நீ அறிவாய். ஆனால் அது எனக்கு என்னவாக இருந்தது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. எண்ணெய் போடுகிற பையனாக உள்ளே போய், பவர் ஹவுஸுக்கே மேஸ்திரியாக உயர்ந்தவன் நான். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த அந்த இயந்திரத்தை வெள்ளைக்கார ஃபிட்டரோடு சேர்ந்து பொருத்தினேன். அவர் ஊருக்குப் போனபிறகு வயர் இழுத்ததெல்லாம் நானும் என் ஆட்களும்தான். கரும்புச் சக்கையை எரித்து, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றி, ஆலைக்குப் போக மிஞ்சின கரண்டை ஊர் லைனுக்கே கொடுக்கப்போகிறோம் என்றால் சும்மாவா? மாயெபூரில் எரிகிற விளக்கில் பாதி என் கையால் எரியும் என்று கோயிலில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊர் லைனோடு சேர்வதால்தான் அரசாங்கச் சான்றிதழ் கட்டாயமானது. சான்றிதழ் இல்லாமல் இயந்திரம் ஓடக்கூடாது, இயந்திரம் ஓடாமல் கூப், அந்த வருஷத்துக் கரும்பு வெட்டு, தொடங்காது. வெட்டு தொடங்கினால்தான் எஸ்டேட் கேம்ப் வீடுகளில் அடுப்பு எரியும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அந்த எர்த் குழிக்கு வருகிறேன். நீ தொழில் தெரிந்தவன், உனக்கு நான் பாடம் எடுக்கவில்லை. ஆனால் நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்தின் உள்ளே எங்காவது கரண்ட் கம்பி இரும்பு உடம்பில் பட்டுவிட்டால், அந்தக் கரண்ட் மண்ணுக்குள் ஓட ஒரு வழி வேண்டும். வழி இருந்தால் பிரேக்கர் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்து கரண்டை அறுத்துவிடும். வழி இல்லாவிட்டால் இரும்பு முழுக்கக் கரண்ட் நின்றுகொண்டு, தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். எங்கள் இயந்திரத்துக்கு இரண்டு வழி வைத்திருந்தேன். ஒன்று பவர் ஹவுஸுக்குப் பின்னால் இருந்த பழைய எர்த் குழி, செம்புத் தகட்டைப் புதைத்துக் கரியும் உப்பும் போட்டு மூடினது. இன்னொன்று ஆலைக்கு வருகிற பெரிய இரும்புத் தண்ணீர்க் குழாய். இரண்டையும் சேர்த்து மீட்டரில் பார்த்தேன். முள் அழகாக நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அந்தக் குழி சாமியான கதை உனக்குப் பாதிதான் தெரியும். வெயில் காலத்தில் குழி காயக்கூடாது என்று நான் தினமும் காலையில் உப்பு கரைத்த தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுபோய் ஊற்றுவேன், நிதானமாக, நாலு பக்கமும். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். மறுநாள் அங்கே ஒரு செம்பருத்திப்பூ இருந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம். சக்கை அள்ளுகிற பெண்கள் போகிறபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் உண்மையைச் சொல்லப்போனேன். "இருக்கட்டுமே, பவர் ஹவுஸுக்கு ஒரு காவல் வேணாமா?" என்று உன் அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். பெரிய புயல் அடித்து ஆலைக் கூரை பாதி பறந்தபோது பவர் ஹவுஸ் மட்டும் ஒரு தகரம்கூடக் கழலாமல் நின்றது. அவ்வளவுதான், தீர்ந்தது. கொத்து மேஸ்திரி வீராப்பன், நம் கோயில் கமிட்டித் தலைவன், சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்துவிட்டான். குழியை மூடி, மேடை கட்டி, சிவப்புச் சாயம் பூசி, ஏழு கல் வைத்து, மேலே சின்னக் கூரையும் போட்டான். அவன் பக்தியில் குறை இல்லை. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காத மாதிரி அவ்வளவு நேர்த்தியான பூச்சு! கம்பி மட்டும் பக்கவாட்டில் வெளியே வர ஒரு ஓட்டை விட்டிருந்தான். மேடையை உடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர்க் குழாய்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நீ சோதனைக்கு வந்த காலையில் உன் அம்மா எனக்கு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக்கொடுத்தாள். மகன் அதிகாரியாக வருகிறான், அப்பன் மேஸ்திரியாக நிற்கிறான், ஆலையே பார்க்கப்போகிறது. நீ வந்தாய். எல்லோருக்கும் முன்னால் என் கையைக் குலுக்கி "போன்ஜூர் மிஸ்யே" என்றாய். பெற்ற மகன் அப்பனை அந்நியரைப் போல மிஸ்யே, ஐயா, என்று கூப்பிட்டதைக் கேட்டு என் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. வேலைக்கு வந்த இடத்தில் அதுதான் முறை என்று இன்றைக்குத் தெரிகிறது. ரிலே, பிரேக்கர், சுருளின் காப்பு எல்லாவற்றையும் நீ பார்த்தாய், எல்லாம் சரி. பெரிய மிஸ்யே, நம் எஸ்டேட் மேனேஜர், சிரித்துக்கொண்டே உனக்குக் காப்பி வரவழைத்தார். அப்போதுதான் நீ அந்த ஸ்பானரைக் கேட்டாய்.

"குழாய்க்குப் போற கம்பியைக் கழட்டுங்க. குழியை மட்டும் தனியாப் பார்க்கணும்" என்றாய்.

"ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாச்சே, முள்ளு எங்க நிக்குதுன்னு நீயே பார்த்தியே" என்றேன்.

"சேர்த்துப் பார்த்தா நல்லது கெட்டதை மறைச்சிடும். விதியில தனித்தனியான்னு போட்டிருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும்."

நான்தான் கழற்றினேன். நீ தூரத்தில் இரண்டு முளை அடித்து, உன் மீட்டர்ப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினாய். முள் போய் அந்தக் கோடியில் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவே இல்லை. நீ இன்னொரு தரம் சுற்றினாய். பிறகு பெட்டியை மூடிவிட்டு, "குழி வேலை செய்யலை. இதைத் தோண்டிச் சரி பண்ணாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்று பெரிய மிஸ்யேயிடம் பிரெஞ்சில் சொன்னாய். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நீ போனபிறகு என் தோளில் கை வைத்து, "உன் மகன்தானே? வீட்டில் பேசி முடித்துவிடு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அம்மா உனக்குப் பிடித்த முருங்கைக்கீரையும் கருவாடும் செய்து வைத்திருந்தாள். நான் சோற்றில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"இப்போ கையெழுத்தைப் போடு. கூப் முடிஞ்சதும் நானே தோண்டிடறேன். குழாய் இருக்குல்ல, என்ன ஆயிடப்போகுது?"

"பா கபாவ், அப்பா. முடியாது."

"அப்பன் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்களை நம்புறேன்பா. கம்பியைத்தான் நம்பலை."

நீ அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாய். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். "நான் கையைச் சுட்டுக் கட்டின பவர் ஹவுஸுல வந்து எனக்கே பாடம் நடத்துறியா? போடா வெளியே" என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாய். உன் அம்மா உன் தட்டை மூடி வைத்தாள், அது சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. நானும் சாப்பிடவில்லை. அந்த வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அதன்பிறகு கேம்பில் எனக்கு மரியாதை எப்படி இருந்தது என்று கேட்கிறாயா? வெட்டு தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் கடைத்தெருவில் நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். "மகன் பெரிய ஆளாயிட்டாரு, நம்ம வயித்துல அடிக்கிறாரு" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நான் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, உன் மேல் இல்லை.

மேடையை உடைக்க ஒருவனும் முன்வரவில்லை. வீராப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, கட்டினவன் நான். உடைச்சா எனக்குத்தான் வரும்" என்று ஒதுங்கிக்கொண்டான். கடைசியில் வழி பண்ணினது உன் அம்மா. பூசாரியை அழைத்துவந்து, ஒரு குடம் தண்ணீரில் சாமியை இறக்கச் சொல்லி, ஏழு கல்லையும் மடியில் கட்டிக்கொண்டு போய் மாமரத்தடியில் வைத்தாள். "ஆத்தா இடம் மாறிட்டா. இப்போ இது வெறும் குழி. என் புள்ளை கேட்டபடி தோண்டுங்க" என்றாள். உன் மேல் கோபமாக இருந்தவர்கள்கூட அவள் சொன்னதும் கடப்பாரையை எடுத்தார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்கு இப்படி ஒரு அதிகாரக் குரல் இருக்கிறது என்று நான் கவனித்ததே இல்லை.

சிமெண்டுக்கு அடியில் மண் சுட்ட சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது. நான் போட்ட உப்பு மட்டும் கட்டி கட்டியாக இருந்தது. வெளியே தெரிகிற செம்புப் பட்டையைப் பிடித்து லேசாக இழுத்தேன், மகனே. அது என் கையோடு வந்துவிட்டது. அடியில் தகட்டோடு சேர்த்திருந்த போல்ட்டை உப்பு தின்று தீர்த்து, பட்டை பச்சைப் பொடியாகி எப்போதோ அறுந்திருக்கிறது. மேலே பளபளவென்று துடைத்து வைத்திருந்தோம். கீழே ஒன்றுமே இல்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே, வீராப்பன் ஏதோ பேச்சுக்கு, "குழாய்க்காரங்க நேத்தே வேலையை முடிச்சிட்டாங்க, பார்த்தீங்களா?" என்றான். எந்தக் குழாய்க்காரர்கள் என்றேன். புயலில் விரிசல் விட்ட அந்த இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு, வழி நெடுகச் சிமெண்டுக் குழாய் பதித்திருக்கிறார்கள். எஸ்டேட் வேலை, பவர் ஹவுஸுக்குச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? சிமெண்டுக் குழாயில் கரண்ட் எங்கே போகும்? நீ அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், இரண்டு வழியும் அடைபட்ட இயந்திரத்தை நான் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் நாகப்பன் நினைவு வந்தான். உனக்கு அவனைத் தெரியாது. ஆலைகளில் கலவரம் நடந்த அந்த வருஷங்களில் என்னோடு எண்ணெய் போட்டவன், இன்னொரு எஸ்டேட்டுக்கு நல்ல வேலை என்று போனான். அங்கே பவர் ஹவுஸில் இரும்பு ஏணியில் கை வைத்தவன் இறங்கவே இல்லை. குடித்திருந்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவன் சாராயத்தைத் தொட்டதே கிடையாது. அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேன் பியேரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்த ஏணிக்கு எர்த் இருந்ததா என்று கேட்க அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. கேட்கிற ஆளைத்தான் நான் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படியே குழி மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

புதிதாக இரண்டு குழி தோண்டினோம், ஒன்றுக்கொன்று தூரமாக, நீ சொன்ன ஆழத்தில். நீ மறுபடி வந்தாய். தனித்தனியாகப் பார்த்தாய், இரண்டும் தேறின. கையெழுத்துப் போட்டாய். நான் டர்பைனுக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணெய்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை, வெட்கம்தான். வந்து பேசியிருக்கலாம். நீ இரண்டு தரம் என் பக்கம் பார்த்ததையும் பார்த்தேன். "கூப் பூஜைக்கு இருந்துட்டுப் போங்களேன்" என்று வீராப்பன் உன்னைக் கேட்டான். நீ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாய். போகிறபோது "மிஷின் மேல தண்ணி படாமப் பார்த்துக்குங்க" என்று என் காதில் விழும்படி சொன்னாய்.

பூஜை நம் வழக்கப்படிதான் நடந்தது. தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள், பெரிய மிஸ்யேகூடச் சாக்ஸோடு நின்றார். நான் ஆவியைத் திறந்து டர்பைனைச் சுற்றவிட்டு, வேகம் வந்ததும் பிரேக்கரைப் போட்டேன். விளக்கெல்லாம் குபீரென்று எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வரிசை கட்டி நின்றார்கள். முதல் குங்குமம் உன் அம்மாவுடையது, மேஸ்திரி பெண்டாட்டி என்கிற உரிமை. அவள் ஈரக் காலோடு, ஈரக் கையோடு, ஜெனரேட்டர் உடம்பில் மஞ்சளைத் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வீராப்பன் மாவிலைக் கொத்தைக் குடத்தில் முக்கி முக்கித் தெளித்துக்கொண்டு வந்தான். நான் "மேலே வேணாம், மேலே வேணாம்" என்று கத்தினேன். குலவைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஜெனரேட்டரோடு ஒட்டியிருந்த கேபிள் பெட்டியின் மேல் இருக்கிற காற்றுத் துளைக்குள் ஒரு வீச்சு தண்ணீர் இறங்கிவிட்டது.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம். விளக்கெல்லாம் அணைந்தது, பிரேக்கர் விழுந்த ஓசை எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. உன் அம்மாவின் கை அப்போதும் இயந்திரத்தின் மேல்தான் இருந்தது. உள்ளங்கை முழுக்கப் பதித்து, மஞ்சள் ஈரத்தோடு. நான் அவளையே பார்க்கிறேன். அவள் மெதுவாகத் திரும்பி, "யாருங்க அது, பூஜை நடக்கிறப்போ வெடி போட்டது?" என்றாள்.

நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால், பெரிய மிஸ்யேக்கு முன்னால். இயந்திரம் போய்விட்டதே என்று அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உன் அம்மா என் பக்கத்தில் குந்தி, "மிஷின்தானே போச்சு, சரி பண்ணிக்கலாம், எழுந்திரிங்க" என்று தேற்றினாள். மிஷினாவது ஒன்றாவது! அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள்தான் இருந்தது, கரண்ட் அவளை விட்டுவிட்டுப் புதுக் குழி வழியாக மண்ணுக்குள் போயிருந்தது. வீராப்பன் குடத்தை இறுகக் கட்டிக்கொண்டு, "அண்ணே, ரெண்டு சொட்டுதாண்ணே" என்று முனகினான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவனும் வெறுங்காலோடு அந்த வரிசையில் நின்றவன்தானே. வரிசையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். உன்னை வயிற்றில் அடிக்கிறவன் என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

பெட்டியைக் காயவைத்து, கேபிள் முனையைப் புதுசாகக் கட்டி, துளைக்கு மேல் ஒரு தகர மறைப்பும் அடித்து, மறுநாளே ஓட்டினோம். இப்போது கரும்பு வண்டிகள் வந்தபடி இருக்கின்றன, மாயெபூருக்கும் கரண்ட் போகிறது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். கையோடு அறுந்து வந்த அந்தப் பட்டையைப் பற்றியும் சொன்னேன். முழுசும் கேட்டாள். பிறகு, "அவன் அன்னிக்குச் சாப்பிடாமப் போனானே" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம்.

இப்போது நீ இங்கிலாந்துக்குப் போகிறாய். கேஸ் டர்பைன் என்று ஒன்று, விமான எஞ்சின் மாதிரி எண்ணெயை எரித்தே சுற்றுமாம், அதைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கப் படிக்கிறாயாம். சுதந்திரம் வரப்போகிறது, அந்த மாதிரி இயந்திரமும் இந்தத் தீவுக்கு ஒருநாள் வரும், அதைப் பார்க்க நம் ஆள் வேண்டும் என்று உன் ஆபீசில் நினைத்திருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் அனுப்புகிறார்கள். அங்கே குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு, ஸ்டைலுக்கென்று சும்மா திரியாதே. அங்குள்ளவர்கள் எவ்வளவு பெரிய படிப்புக்காரர்களாக இருந்தாலும், சேர்த்துப் பார்த்தாகிவிட்டது என்று சொன்னால் ஸ்பானரைக் கேள். ஒருவன் உன் முன்னால் அழுதாலும், காப்பி வாங்கிக் கொடுத்தாலும், பழைய உறவைச் சொன்னாலும், முள் என்ன சொல்கிறதோ அதைத்தான் நீ சொல்லவேண்டும். அந்த ஒருவன் உன் அப்பனாக இருந்தாலும் அப்படித்தான். அப்பனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பார்.

இன்னொன்று. திரும்பி வந்தபிறகு நம் எஸ்டேட்டுக்கு வேறு அதிகாரியை அனுப்பச் சொல்லி நீ கேட்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். என் மூஞ்சியைப் பார்க்கச் சங்கடம் என்றுதானே? அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள். வேறு ஒருவன் வந்தால் மேஸ்திரி வயசானவர், நல்லவர் என்று இரக்கப்பட்டுப் போட்டுவிடுவான். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம். நீ வா. எல்லோருக்கும் முன்னால் மிஸ்யே என்று கூப்பிடு, நானும் உன்னை மிஸ்யே என்றே கூப்பிடுகிறேன், என் ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பிளேன் மாக்னியனுக்கு உன்னை வழியனுப்ப நானும் வருவேன். அங்கே உன் பெட்டியை நான்தான் தூக்குவேன், நீ கையை நீட்டாதே.

இதோ, சமையலறையில் உன் அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டு, வழிக்கு உனக்கு என்ன கட்டித்தருவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறாள். நடுநடுவே வீராப்பனையும் என்னையும் சேர்த்துத் திட்டுகிறாள். வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் வாயை மூடேன் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த வீட்டில் இந்தச் சத்தம் இன்னும் இருக்கிறதென்றால், அது நீ கையெழுத்துப் போடாததால் இருக்கிறது.

உன் அப்பன்